பிலிப் குணவர்த்தனாவும் நெற்காணிச் சட்டமும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலையேறி அப்பால் இறங்குவோர் லக்கல என்னும் பகுதியை அடைவர். படிப்படியாக வெட்டிய அதன் வயல்கள் கண்ணுக்கு விருந்தாவன. ஆயினும் கண்டி நாட்டின் இத்தகைய ஊர்களில் விதைத்தவரெல்லாம் வயலுக்குரியவரல்லர். 'அந்தே' என்னும் வாரமுறைப்படி விளைவிற் பாதியை நிலக்காரருக்கு அளந்தோர் பலர். அம்முறையை மாற்ற முயன்ற மந்திரி ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பிலிப் குணவர்த்தனா 1901 இல் அவிசாவளைப் பகுதியில் நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்தார். அமெரிக்காவிற் பயின்றபோது ஜயப்பிரகாஷ் நாராயணனைத் தோழராகப் பெற்றார். 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவருள் ஒருவரானார். அடுத்த ஆண்டே அரசாங்க சபை புகுந்தார். போர்க்காலத்திற் சிறைப்பட்டு, 1942 இல் கண்டிச் சிறையினின்று தப்பி இந்தியா சென்று மீண்டும் பிடிபட்டார்.

1956 இல் பண்டாரநாயக்காவின் அரசிற் கமத்தொழில், உணவு மந்திரியானார். அவ்வாண்டே தனிச் சிங்களச் சட்டத்துக்கு அவர் கைகொடுத்தமை தமிழராகிய நம் நெஞ்சில் ஆறாத வடுவாகும். அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. அதன்பொருட்டு அவரது மற்றைய பணியை மறுக்கவும் விரும்பவில்லை.

1958 இல் நிறைவேறிய நெற்காணிச் சட்டம் வாரக்குடிக்கு நிலைபேறளித்தது. வாரம் விளைவிற் காற்பங்குக்கு மேற்படலாகாது என்றது. பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. இதனை வன்மையாக எதிர்த்தவர்கள் எதிர்க்கட்சியார் மட்டுமல்லர்; மந்திரிசபையில் அவரருகே அமர்ந்திருந்தவர்களுமே! அவர் கொணர்ந்த கூட்டுறவு வங்கித் திட்டத்தையும் அவர்கள் நிறைவேற விடவில்லை. 1959 இல் மந்திரிமார் பலர் அவரோடு ஒரே சபையில் அமர மறுத்தனர். அவரது பொறுப்புக்களிற் சில குறைக்கப்படவே, மே மாதத்தில் அவர் பதவி துறந்தார்.

சட்டமியற்றியவர் அகன்றபின் அதனைக் காப்பவர் யார்? வாரக்குடியின் கையில் எழுத்துச் சான்று இல்லை. தாமே பயிரிடுவதாகவும், வயலில் நிற்பவன் கூலியாளே எனவும் நிலக்காரர் வாதித்தனர். வெளியேற்றப்பட்டோரின் முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. வயலை இழக்க அஞ்சிச் சட்டத்தை அறிந்தும் அரைப்பங்கையே களத்தில் அளந்தவர் பலர். குழுக்களின் அமைப்பிலிருந்த குறைகளை நீக்க 1964 இல் திருத்தம் வேண்டியதாயிற்று.

முன்பு எதிர்த்து நின்ற ஐக்கிய தேசியக் கட்சியாருடனேயே சேர்ந்து 1965 முதல் 1970 வரை கைத்தொழில் மந்திரியாக இருந்தார். இதனைப் பழைய தோழர் மன்னிக்கவில்லை. 1972 மார்ச்சில் அவர் காலமானார். அடுத்த ஆண்டே அவரது சட்டத்தின் இடத்தைக் கமக் காணிகள் சட்டம் பெற்றது. 1979 இல் வேறொன்று வந்தது. காற்பங்கு வார விதி மட்டும் அவற்றினூடும் தொடர்ந்தது.