புதுவைத் துறையினின்று பசிபிக் கடல் சென்ற சுர்வீல்

உலகில் பெரியோர் எனப் பெயர் பெற்றார் வரலாறுகளைப் படிக்குங்கால், அவர்தம் வெற்றிகளை மட்டுமே கண்டு வியந்து, பிறவற்றைக் காணாது விடுதல் நம்மனோர்க்கு இயல்பாய் விட்டது. ஒருவனுடைய ஆண்மையும் அவனுடைய பிழையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருப்பின், அவ்வேட்டை முழுதும் படிப்பதே முறையாகும். அவ்வாறு படிக்கத் தக்க வாழ்வுகளுள் ஒன்று, பிரெஞ்சு மாலுமியாகிய ழான் பிரான்சுவா மரீ தெ சுர்வீல் என்பாருடையது. கதிர்காமத்தினராகிய நமக்கு இவ்வரலாறு அயலாருடையது அன்று. அவர் பசிபிக் பெருங்கடல் நோக்கிப் பாய் விரித்தது நம் புதுவைத் துறையினின்றே. அவர் கப்பலில் நம் புதுவை மைந்தரும் இருந்தனர். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

சுர்வீல் 1717ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18ஆம் நாள், பிரான்சு நாட்டுப் பிரித்தானிக் கடற்கரையில் உள்ள போர் லூயி என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். பத்து வயதுச் சிறுவராய் இருக்கும்போதே, 1727இல், பிரெஞ்சு இந்தியக் கும்பெனியின் கப்பற் பணியிற் சேர்ந்தார். ஏனைய சிறுவர் பள்ளியிற் கற்பனவற்றை இவர் கப்பலின் மேல்தளத்திற் கற்றார். காற்றும் அலையும் விண்மீன்களுமே அவர்க்கு ஆசான்களாயின. இந்தியக் கடலிலும் சீனக் கடலிலும் பலமுறை சென்று திரும்பிப் படிப்படியாக உயர்ந்து கப்பல் தலைவரானார்.

அக்காலத்தில் ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் இடையே ஓயாத போர் நிகழ்ந்து வந்தது. ஏழாண்டுப் போரில், தாஷே பிரபுவின் கப்பற்படையில் நின்று, நம் சோழமண்டலக் கடலில் ஆங்கிலத் தளபதி போகாக் என்பவரை எதிர்த்துப் போர் புரிந்தவருள் சுர்வீலும் ஒருவர். அவருடைய வீரத்திற்குப் பரிசாக, பிரெஞ்சு அரசர் வீரர்க்கு வழங்கும் செயிண்ட் லூயிச் சிலுவைப் பதக்கம் அவர்க்குக் கிடைத்தது. எனினும் போரின் முடிவு பிரெஞ்சுக்காரர்க்குச் சாதகமாகவில்லை. 1761 ஜனவரியிற் புதுவை ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி இந்நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரர்க்கு உரியதாக, 1765இல் லா தெ லொரிஸ்தோன் என்பார் கவர்னராய் வந்து, இடிபாடுகளின் மீது நகரைப் புதிதாக எழுப்பினார். இன்றும் புதுவையில் அவர் பெயரால் ஒரு தெரு விளங்குகின்றது.

போரில் இழந்ததை வாணிகத்தால் ஈட்டலாம் என்று எண்ணியோர் அந்நாளிற் பலர். கவர்னர் லாவும், சந்திரநாகூரின் தலைவர் ஷெவாலியே என்பாரும், சுர்வீலும் கூட்டுச் சேர்ந்து ஒரு வாணிக முயற்சியைத் தொடங்கினர். அதற்கென 36 பீரங்கிகள் தாங்கிய செயிண்ட் ழான் பத்தீஸ்த் என்னும் கப்பல் கட்டப்பட்டது. அவ்வமயம் ஒரு வதந்தி இந்தியத் துறைமுகங்களில் உலவிற்று. ஆங்கிலேயர் தென் பசிபிக் கடலிற் செல்வம் கொழிக்கும் ஒரு தீவைக் கண்டுபிடித்தனர் என்றும், அது பெரு நாட்டிற்கு மேற்கே நெடுந்தொலைவில் உள்ளதென்றும், அங்கே யூதர் குடியிருக்கின்றனர் என்றும் பேசிக் கொண்டனர். உண்மையில் 1767இல் வாலிஸ் என்னும் ஆங்கிலேயர் தஹீத்தித் தீவைக் கண்ட செய்தியே வாய்க்கு வாய் மாறி இவ்வாறு உருவெடுத்தது. காற்று வழிச் செய்தியை நம்பி ஒரு கப்பலும் ஏறக்குறைய 170 உயிர்களும் கடலில் விடப்பட்டன என்பதை நினைக்குங்கால் நெஞ்சு நடுங்குகின்றது.

1769 மார்ச்சுத் திங்களில் வங்காளத்தினின்று புறப்பட்ட கப்பல், வழியிலுள்ள துறைகளிற் சரக்கேற்றிப் புதுவை வந்தடைந்தது. அச்சரக்கிற் பெரும்பகுதி நம் நாட்டு நெசவாளர் நெய்த துணிமணிகளேயாம். ஜூன் தொடக்கத்தில் அது புதுவைத் துறையை விட்டு நீங்கிற்று. மாலுமிகளுள் லஸ்கர் எனப்படும் இந்தியக் கப்பலாட்களும் இருந்தனர். அவர்களுள் காசிம் என்றும் நஸ்ரின் என்றும் பெயர் குறிக்கப்பட்ட இளைஞர் இருவர், ஏறக்குறைய நம் வயதினர், நியூஜிலாந்து நாட்டை முதன்முதல் அடைந்த இந்தியராக இன்றைய ஆராய்ச்சியாளராற் கருதப்படுகின்றனர்.

மலாக்கா, திரெங்கானு முதலிய இடங்களைக் கடந்து, பிலிப்பைன்ஸுக்கு வடக்கேயுள்ள பாஷித் தீவுகளைக் கப்பல் ஆகஸ்டில் அடைந்தது. ஆங்கு மாலுமிகள் சிலர் கப்பலை விட்டு ஓடிவிட்டனர். அவர்க்கு ஈடாகச் சுர்வீல் அத்தீவினர் சிலரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டார். அவருடைய நற்பெயரில் விழுந்த முதற் கறை அதுவே.

பின்னர்ப் பகைவரினும் கொடிய பகை ஒன்று கப்பலுள்ளேயே தோன்றிற்று. பசுங்காய்களும் கனிகளும் நெடுநாள் உண்ணாதார்க்கு வரும் ஸ்கர்வி என்னும் நோயே அது. ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் ஆடும், கைகால் சோரும், ஆறிய பழம்புண்ணும் மீளத் திறக்கும். வைட்டமின் சி என்னும் சத்தின் குறைவே அதற்குக் காரணம் என்பதை நாம் இன்று அறிவோம். எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய பழங்கள் அதனைத் தீர்க்கும் என்பதை லிண்ட் என்னும் மருத்துவர் 1747இலேயே சோதித்துக் கண்டிருந்தும், கப்பல் தலைவர்கள் அதனைக் கைக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. ஊறுகாயும் எலுமிச்சையும் இல்லாத வீடு நம் ஊரில் இல்லை. அத்தகைய ஊரினின்று சென்றவர்கள், அச்சிறு பொருள் இன்மையால் நாள்தோறும் ஒருவர் இருவராகக் கடலில் இடப்பட்டனர்.

அக்டோபரில் அவர்கள் சாலமன் தீவுகளைக் கண்டனர். 1568இல் மெந்தானா என்னும் ஸ்பானியர் கண்டு, பின்பு இருநூறு ஆண்டுகளாக எவரும் மீளக் காணாத தீவுகள் அவை. ஆயினும் தாம் கண்டவை அவையே என்பதைச் சுர்வீல் அறிந்திலர். சாந்தா இசபெல் தீவில் ஒரு துறையில் நங்கூரமிட்டு, அதற்குப் பிராலேன் துறை எனப் பெயரிட்டனர். தண்ணீர் தேடிச் சென்றாரைத் தீவினர் தாக்கினர். பிரெஞ்சுக்காரர் துப்பாக்கியாற் சுட்டுத் தீவினர் பலரைக் கொன்றனர். லோவா என்னும் சிறுவன் ஒருவனைச் சிறைப்படுத்திக் கொண்டு கப்பல் தெற்கே சென்றது.

டிசம்பர் 12ஆம் நாள் நியூஜிலாந்தின் கரை தோன்றிற்று. அந்நாட்களில் ஆங்கில மாலுமி குக் என்பவரும் தம் கப்பலில் அக்கரையையே சுற்றி வந்தார். வடமுனையருகே இரு கப்பல்களும் புயலிடையே ஒன்றையொன்று காணாமலே கடந்து சென்றன. ஐரோப்பியர் எவரும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அணுகாத நாட்டை, ஒரே ஆண்டில் இரு நாட்டார் அணுகியது வியப்பன்றோ! டிசம்பர் 17ஆம் நாள் சுர்வீல் ஒரு விரிகுடாவில் தங்கி, நம் புதுவைக் கவர்னரை நினைந்து அதற்கு லொரிஸ்தோன் விரிகுடா எனப் பெயரிட்டார். அதற்குச் சில நாள் முன்னரே குக் அதனைக் கண்டு வேறு பெயர் வைத்துவிட்டமையால், சுர்வீல் இட்ட பெயர் நிலைபெறவில்லை.

அவ்விடத்து மாவோரி மக்கள் வந்தாரை வரவேற்றனர். தண்ணீரும் கீரையும் மீனும் கொடுத்தனர். பசுங்கீரை உண்ட நோயாளிகள் தேறலாயினர். சுர்வீலும் பன்றிகளும் கோழியும் சேவலும் அவர்க்குப் பரிசாக அளித்தார். கப்பலில் வில்லெபே என்னும் தொமினிக்கன் சபைக் குரு ஒருவர் இருந்தார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று அவர் நிறைவேற்றிய பூசையே அந்நாட்டில் நிகழ்ந்த முதற் கிறிஸ்தவ வழிபாடு என நம்பப்படுகின்றது.

திருநாள் கழிந்து இரண்டு நாட்களிற் பெரும்புயல் எழுந்தது. கப்பல் பாறையில் மோதும் நிலைமைக்கு வர, நங்கூரங்களை இழந்து அரிதில் தப்பினர். கரையில் தங்கியிருந்த நோயாளிகளைப் புயல்நாளில் மாவோரியர் பேணி உணவளித்தனர். அவ்வாறு விருந்தோம்பியவருள் ரங்கினுய் என்னும் தலைவர் ஒருவர்.

புயலில் கப்பலின் சிறு படகொன்று கரையொதுங்கிற்று. கரையொதுங்கிய பொருள் கண்டாரைச் சேரும் என்பது அந்நாட்டார் வழக்கு. அவர்கள் அதனை எடுத்துச் சென்றனர். சுர்வீலோ அதனைக் களவெனக் கொண்டு வெகுண்டார். டிசம்பர் 31ஆம் நாள் ஆட்களுடன் கரையிறங்கி, குடிசைகளுக்கும் வலைகளுக்கும் தீயிட்டு, ரங்கினுய்யைப் பிணித்துக் கப்பலேற்றிப் பாய் விரித்தார். சோறிட்ட கையில் விலங்கு பூட்டப்பட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று நம் தாய்மார் சிறு குழவிக்கும் சொல்லித் தருவர். செயிண்ட் லூயிச் சிலுவை அணிந்த மார்பினர் அதனை ஆறு நாட்களில் மறந்தார். பிறப்புத் திருநாள் பூசைக்கும் அத்தீக்கும் இடையே இருந்தவை ஆறே நாட்கள் என்பதைக் கிறிஸ்தவராகிய நாம் எளிதிற் கடந்து செல்ல ஒண்ணாது. வழிபாடு உதட்டளவில் நின்றுவிடின் அதனால் விளைவது யாது என்பதை அந்நாட்கள் நமக்குக் காட்டுகின்றன.

இனி, கப்பல் கிழக்கு நோக்கி மூன்று திங்கள் ஓடிற்று. தென் பசிபிக்கின் நடுவழியில் மேற்கினின்று கிழக்கே முதன்முதற் கடந்த பெருமை இக்கப்பலுக்கே உரியது. தேடிய செல்வத் தீவு எங்கும் தோன்றவில்லை. 1770 மார்ச்சு 24ஆம் நாள், ழுவான் பெர்னாந்தஸ் தீவு கண்ணுக்குத் தெரிந்த நிலையில், ரங்கினுய் ஸ்கர்வி நோயால் இறந்தார். பிறந்த மண்ணைவிட்டுப் பல்லாயிரம் மைல் அப்பால் அவர் உடல் கடலில் விடப்பட்டது.

அத்தீவைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். அது சிலி நாட்டுக் கரைக்கு மேற்கே நானூறு மைலுக்கு அப்பால் தனித்து நிற்பது. 1741இல் ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதி அங்குத் தங்கி, நோயுற்ற தம் ஆட்களைத் தேற்றிக் கொண்டு ஸ்பானியரைத் தாக்கினார். அதுகண்டு அஞ்சிய ஸ்பானிய அரசு, மேலும் பகைவர் வந்து தங்காதிருக்கும் பொருட்டு அங்குக் கோட்டை கட்டிப் படைவீரரைக் குடியேற்றிற்று. 1751இல் நிலநடுக்கமும் அதனையடுத்து எழுந்த ஆழிப்பேரலையும் அக்குடியேற்றத்தை அழித்தன, கவர்னரும் உயிரிழந்தார். ஆயினும் ஸ்பானியர் மீண்டும் அதனை நிறுவினர். வருவது பாய்மரமோ முகிலோ என்று நாள்தோறும் கடலையே நோக்கியிருத்தல் அத்தகைய காவலர்தம் வாழ்வு. சுர்வீலின் கப்பல் அங்கு இறங்காமலே பெருவை நோக்கித் திரும்பிற்று. நோயாளர்க்கு நீரும் கீரையும் இருந்த தீவு எதிரே நின்றும், அதன் பயன் அவர்க்குக் கிட்டவில்லை.

ஏப்ரல் தொடக்கத்திற் பெரு நாட்டுச் சில்கா என்னும் கரையோரம் கப்பல் நின்றது. நடமாடத்தக்க வலியுடையார் சிலரே எஞ்சியிருந்தனர். ஏப்ரல் 8ஆம் நாள், சுர்வீல் தம் முழுச் சீருடையும் பதக்கமும் அணிந்து, ஸ்பானியரிடம் உதவி வேண்டுமாறு ஒரு சிறு படகிற் புறப்பட்டார். கரையருகே அலை மிகக் கொடிதாய் இருந்தது. தம் ஆட்களை ஏவித் தாம் கப்பலிற் தங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்திலர். படகு கவிழ்ந்தது, சுர்வீல் நீரில் மூழ்கி மாண்டார். அப்போது அவர்க்கு வயது 53. பத்து வயதில் தம்மை ஏற்ற கடலே அவரை முடிவிலும் ஏற்றுக் கொண்டது.

அவர்க்குப்பின் லாபே என்னும் துணைத்தலைவர் கப்பலைக் கல்லாவோ துறைமுகத்திற்குக் கொண்டு சென்றார். ஐயுற்ற ஸ்பானியர் அதனை ஏறக்குறைய மூன்றாண்டு தடுத்து வைத்தனர். 1773இல் தான் அது பிரான்சு சேர்ந்தது. இளமைத் துடிப்போடு புறப்பட்டாருள் மிகப் பலர் திரும்பவில்லை. லோவா என்னும் சிறுவன் நோய்க்குத் தப்பிப் பெரு நாட்டை உயிரோடு அடைந்தான்.

சுர்வீல் தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. அவருடைய கப்பற் குறிப்புகளைக் கொண்டே, மறைந்து போயின எனக் கருதப்பட்ட சாலமன் தீவுகளின் இருப்பிடத்தைப் பிற்காலப் பிரெஞ்சு அறிஞர் தெளிந்தனர். புயலில் அவர் இழந்த நங்கூரங்களை 1974இல் முத்துக்குளிப்பார் போல நீரில் மூழ்கித் தேடுவோர் கண்டெடுத்தனர். அவை இன்று நியூஜிலாந்தில் காட்சிப்பொருளாய் உள்ளன. புதுவைத் துறையிலும் ஒருகால் ஊன்றி நின்ற கப்பலின் இரும்பு அது.

சுர்வீலைக் கொடியர் என்று தள்ளிவிடுதலும், வீரர் என்று கொண்டாடி விடுதலும் எளிய செயல்கள். இரண்டும் முழு உண்மையல்ல. தாமே அலையில் இறங்கி உயிர் கொடுத்த தலைவரும் அவரே. தமக்கு உணவளித்தாரைப் பிணித்துச் சென்றவரும் அவரே. அவர்க்கு வீரம் குறைவிலது. கப்பலுக்கு அப்பால் நின்றவரையும் தம்மைப் போன்ற மக்களாகக் கருதும் கண்ணே குறைவாயிற்று. அவருடைய பிறந்த நாளும் இறந்த நாளும் ஏட்டில் உள்ளன. காசிமும் நஸ்ரினும் பிறந்த நாளை எழுதி வைத்தார் எவரும் இலர். கல்வி பெறும் நாம் பெரியோர் வரலாற்றைப் படிக்குங்கால், அவர்தம் படகைத் துடுப்பிட்டுச் சென்ற பெயரிலாரையும், அவர்க்குக் கரையில் நீர் கொடுத்தாரையும் உடன் வைத்துப் படிப்போமாக. அவ்வாறு படிப்பதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதியாகும்.