ஹான்ஸ் பீட்டர் லூன்

ஹான்ஸ் பீட்டர் லூன் (ஜூலை 1, 1896 – ஆகஸ்ட் 19, 1964) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கடன் அட்டை எண்களைச் சரிபார்க்கும் லூன் படிமுறையின் வழியாகவே இவரது பெயர் பரவலாக அறியப்படுகிறது. எனினும் இவரது பெரும்பணி தகவல் மீட்டெடுப்புத் துறையில் அமைந்தது. ஒரு நூலை இன்னதைப் பற்றியது என்று மனிதர் படித்து முடிவு செய்வதற்கு மாற்றாக, அதிலுள்ள சொற்களைப் பொறியே எண்ணி முடிவு செய்யலாம் என்பதைச் செய்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் இவர். தேடுபொறிகள் இன்றளவும் பயன்படுத்தும் சில அடிப்படை எண்ணங்கள் இவரது 1953 முதல் 1960 வரையிலான எழுத்துகளில் காணப்படுகின்றன.

இளமையும் நெசவுத் துறையும்

லூன் ஜெர்மனியின் பார்மென் நகரில் பிறந்தார். இந்நகர் பின்னாளில் வூப்பர்டால் நகரின் பகுதியானது. தந்தை அச்சுத் தொழிலில் தேர்ந்தவர். அத்தொழிலையே கற்பதற்காக லூன் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். முதலாம் உலகப் போரின்போது ஜெர்மன் படையில் பணியாற்றினார். போருக்குப் பின் நெசவுத் துறையில் ஈடுபட்டு, 1924 ஆம் ஆண்டு அத்துறை சார்ந்த பணிக்காக அமெரிக்கா சென்று அங்கேயே தங்கிவிட்டார்.

துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழைகள் உள்ளன என்பதை அளக்கும் லூனோமீட்டர் என்னும் கருவி இவரது தொடக்கக் காலக் கண்டுபிடிப்புகளுள் புகழ்பெற்றது. நுண்கோடுகள் வரையப்பட்ட ஒளிபுகும் தகட்டைத் துணியின் மீது வைத்தால், கோடுகளும் இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓர் அலைவடிவத்தைத் தோற்றுவிக்கும். அவ்வடிவம் நிற்கும் இடத்தைக் கொண்டு இழை எண்ணிக்கையைப் படித்தறியலாம். ஒவ்வோர் இழையாக எண்ண வேண்டியதில்லை. இக்கருவி பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. கையிலுள்ள பானங்களைக் கொண்டு எந்தக் கலவைப் பானங்களைத் தயாரிக்கலாம் என்று காட்டும் ஒரு வழிகாட்டியையும் லூன் உருவாக்கினார். ஒளிபுகும் தாள்களை அடுக்கிப் பார்க்கும் இவ்விளையாட்டுப் பொருளைப் பல நிபந்தனைகளை ஒருசேர நிறைவு செய்யும் விடைகளைத் தேடும் கருவி எனலாம். பிற்காலப் பணிகளை அறிந்தவர்களுக்கு இது வெறும் விளையாட்டாகத் தோன்றாது. வாழ்நாளில் 80க்கும் மேற்பட்ட காப்புரிமங்களை இவர் பெற்றார்.

வேதியியலாளர்களின் கேள்வி

1941 ஆம் ஆண்டு லூன் ஐபிஎம் நிறுவனத்தில் முதுநிலை ஆய்வுப் பொறியாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 45. 1940களின் இறுதியில் ஜேம்ஸ் பெரி, மால்கம் டைசன் என்னும் இரு வேதியியலாளர்கள் ஐபிஎம் நிறுவனத்தை அணுகினர். வேதிச் சேர்மங்களின் எண்ணிக்கையும் அவை பற்றிய கட்டுரைகளும் பெருகிக்கொண்டே சென்றன. ஒரு சேர்மத்தைப் பற்றி முன்னரே யாரேனும் ஆய்ந்துள்ளனரா என்பதைக் கண்டறிய நூலக அட்டைகளைப் புரட்டுவதிலேயே நாட்கள் கழிந்தன. தேடல் தவறினால், செய்து முடிக்கப்பட்ட ஓர் ஆய்வையே மீண்டும் செய்ய நேரிடும். டைசன் சேர்மங்களைக் குறியெழுத்துகளால் எழுதும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். அக்குறிகளைத் துளையட்டைகளில் பதித்துப் பொறியால் தேட இயலுமா என்பதே அவர்களது கேள்வி.

அன்றைய துளையட்டைப் பொறிகள் வரிசைப்படுத்தவும் எண்ணவும் ஏற்றவை. ஆனால் அவை ஒரு தகவல் அட்டையின் குறிப்பிட்ட பத்தியில் இருக்க வேண்டும் என எதிர்பார்த்தன. சேர்மக் குறியீட்டிலோ தேடப்படும் பகுதி எங்கு வேண்டுமானாலும் அமையலாம். இச்சிக்கலுக்கு லூன் ஒளியுணர் கலங்களைக் கொண்டு விடை கண்டார். கேள்வி அட்டையின் துளை அமைப்பும் ஓடிவரும் அட்டையின் துளை அமைப்பும் பொருந்துகின்றனவா என்பதை ஒளி சொல்லியது. லூன் வருடி என்று அழைக்கப்பட்ட இப்பொறி 1950களின் தொடக்கத்தில் செயல்விளக்கம் பெற்றது. மின்னணுக் கணினிகள் விரைவாக வளர்ந்ததால் இது வணிகப் பொருளாகவில்லை. லூனும் இதற்குப் பின்னர் தனிப்பொறிகளை அமைப்பதை விடுத்துக் கணினிக்கான செய்முறைகளை நோக்கித் திரும்பினார்.

1953 இன் குறிப்பு

1953 ஜனவரியில் லூன் ஐபிஎம் நிறுவனத்துக்குள் ஓர் அகக் குறிப்பை எழுதினார். ஒரு பதிவைத் தேட எல்லாப் பதிவுகளையும் பார்வையிடுவதற்கு மாறாக, பதிவின் எண்ணிலிருந்தே ஒரு சிறு எண்ணைக் கணக்கிட்டு, அவ்வெண்ணுக்குரிய பெட்டியில் பதிவை இடலாம் என்று அதில் அவர் விளக்கினார். தேடும்போதும் அதே கணக்கைச் செய்து நேராக அப்பெட்டிக்குச் செல்லலாம். இரு பதிவுகள் ஒரே பெட்டியில் விழுந்தால் அவற்றைச் சங்கிலியாகக் கோக்கலாம். இம்முறையே பின்னர் ஹேஷிங் எனப் பெயர் பெற்றது. இவ்வெண்ணத்தின் வேறொரு வடிவத்தை ஏறத்தாழ அதே காலத்தில் ஜீன் அம்டால் உள்ளிட்ட வேறு ஐபிஎம் பொறியாளர்களும் தனியே கண்டடைந்தனர். ஆகவே இதனை லூன் ஒருவருடைய ஆக்கமாக மட்டும் கூறுவது பொருந்தாது.

எண் சரிபார்ப்பு

ஜனவரி 1954 இல் விண்ணப்பிக்கப்பட்டு ஆகஸ்ட் 1960 இல் வழங்கப்பட்ட காப்புரிமம் ஒன்றில், எண்களை எழுதும்போது நேரும் பிழைகளைக் கண்டறியும் கைக்கருவி ஒன்றை லூன் விவரித்தார். 1847 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டால், வலப்புறத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். 7 ஆனது 14 ஆகும், அதன் இலக்கங்களைக் கூட்ட 5. 8 ஆனது 16 ஆகும், கூட்ட 7. மற்ற இலக்கங்களான 4, 1 ஆகியவற்றையும் சேர்த்தால் 17. அடுத்த பத்தின் மடங்கை எட்ட 3 தேவை. எனவே முழு எண் 18473. ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இம்முறை தவறாமல் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடிக்கும், 09 என்பது 90 ஆக மாறுவதைத் தவிர. கடன் அட்டை எண்களிலும் கைபேசிகளின் ஐஎம்இஐ எண்ணிலும் இம்முறை பயன்படுகிறது. இந்தியாவின் ஆதார் எண்ணில் அந்த 09 குறையும் இல்லாத வெர்ஹோஃப் முறை கையாளப்படுகிறது.

சொற்களை எண்ணுதல்

லூனின் முதன்மையான கட்டுரைகள் 1957, 1958 ஆம் ஆண்டுகளில் ஐபிஎம் ஆய்விதழில் வெளிவந்தன. அவற்றின் அடிப்படை மிக எளியது. ஒரு கட்டுரையில் ஒரு பொருளைப் பற்றி எழுதுபவர் அதற்குரிய சொற்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார். எனவே சொற்களை எண்ணி, எண்ணிக்கை வரிசையில் அடுக்கினால் கட்டுரையின் பொருள் ஓரளவு வெளிப்படும். வரிசையின் உச்சியில் இருப்பவை எல்லாக் கட்டுரைகளிலும் வரும் இடைச்சொற்கள் போன்றவை, அவற்றால் பயனில்லை. அடியில் இருப்பவை ஓரிரு முறை மட்டுமே வருபவை, அவற்றையும் நம்ப முடியாது. மேலும் கீழும் எல்லை வகுத்து நடுவில் நிற்கும் சொற்களைக் கொள்வதே லூனின் முறை.

ஒரே வேர்ச்சொல்லின் பல வடிவங்களை ஒன்றாக எண்ண, இரு சொற்களை முதலெழுத்திலிருந்து ஒப்பிட்டு, வேறுபடும் எழுத்துகள் ஆறு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அவற்றை ஒரே சொல்லாகக் கொண்டார். இலக்கண ஆசிரியர்கள் ஏற்க மாட்டார்கள், ஆயினும் ஆங்கிலத்துக்கு இது ஏறத்தாழ வேலை செய்தது.

இதன் மேல் கட்டுரைச் சுருக்கத்தைக் கணினியே உருவாக்கும் முறையையும் அமைத்தார். ஒரு வாக்கியத்தில் முக்கியச் சொற்கள் நெருங்கி நிற்கும் பகுதியை எடுத்து, முக்கியச் சொற்களின் எண்ணிக்கையை இருமடிப் பெருக்கி, அப்பகுதியின் மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும். 10 சொற்களில் 5 முக்கியச் சொற்கள் இருந்தால் மதிப்பு 2.5 ஆகும். உயர்ந்த மதிப்புப் பெற்ற வாக்கியங்களை அப்படியே அடுக்கினால் சுருக்கம் கிடைக்கும். ஐபிஎம் 704 கணினியில் இது செய்து பார்க்கப்பட்டது. இவ்வாறு கிடைத்த சுருக்கங்கள் கோவையாக அமையவில்லை என்ற குறை நியாயமானதே. எனினும் கணினி என்றாலே கணக்குப் போடும் பொறி என்று கருதப்பட்ட காலத்தில், கட்டுரைகளைக் கணினியிடம் படிக்கக் கொடுத்தது துணிவான முயற்சியாகும்.

குவிக் சொல்லடைவு

அக்டோபர் 1957 இல் ஸ்புட்னிக் ஏவப்பட்ட பின்னர், அறிவியல் தகவல்களை ஒழுங்குபடுத்துவது அமெரிக்காவில் அரசின் கவலையாகவும் ஆயிற்று. நவம்பர் 1958 இல் வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு அறிவியல் தகவல் மாநாட்டில் லூனின் முறைகள் காட்டப்பட்டன. அவற்றுள் குவிக் என்னும் சொல்லடைவு நீடித்த பயன் தந்தது.

இதன்படி ஒரு கட்டுரைத் தலைப்பு, அதிலுள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லின் கீழும் ஒருமுறை இடம்பெறும். அச்சொல் வரியின் நடுவிலும் தலைப்பின் எஞ்சிய பகுதி அதன் இருபுறமும் அமையும். நெல் விதைகளில் ஈரப்பதத்தின் விளைவு என்ற தலைப்பானால் நெல், விதை, ஈரப்பதம் ஆகிய மூன்று இடங்களிலும் அதனைக் காணலாம். விளைவு என்பது பயனற்ற சொற்களின் பட்டியலில் இருப்பதால் அதன் கீழ் வராது. இப்பட்டியலில் உள்ளவையே பின்னர் நிறுத்தச்சொற்கள் என அழைக்கப்பட்டன. அப்பெயர் லூன் இட்டதாகப் பல இடங்களில் எழுதப்பட்டாலும், அவரது 1959 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அது இல்லை.

சொல்லடைவு புதியதன்று, சமய நூல்களுக்கு இடைக்காலத்திலேயே சொல்லடைவுகள் தொகுக்கப்பட்டன. அதே மாநாட்டில் ஹெர்பர்ட் ஓல்மன் முதலியோரும் இத்தகைய அடைவொன்றைத் தனியாக வெளியிட்டனர். விரைவுதான் லூனின் பங்களிப்பு. மனிதர் மாதக்கணக்கில் செய்யும் அடைவைக் கணினி சில மணிநேரத்தில் அச்சிட்டது. 1961 முதல் வெளிவந்த கெமிக்கல் டைட்டில்ஸ் இதழ் குவிக் முறையில் அமைந்தது. லூனிடம் வேதியியலாளர்கள் கேட்ட கேள்விக்கு இவ்வாறு வேறு வடிவில் விடை கிட்டியது எனலாம். தலைப்பில் இல்லாத சொல்லைத் தேடுபவருக்கு மட்டும் அதில் எதுவும் கிடைக்காது. எனவே தலைப்புகளைத் தெளிவாக எழுதுமாறு ஆசிரியர்கள் வற்புறுத்தப்பட்டனர்.

இறுதி ஆண்டுகள்

ஒவ்வொருவரது ஆர்வத்தையும் சொற்பட்டியலாகப் பதிந்து, புதிய ஆவணங்களுள் பொருந்துபவற்றை மட்டும் அவருக்கு அனுப்பும் முறையையும் லூன் 1958 இல் முன்வைத்தார். பெறுபவரின் ஏற்பு, மறுப்பைக் கொண்டு பட்டியல் திருத்தப்படும். 1961 இல் ஐபிஎம் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அமெரிக்க ஆவணவியல் கழகத்தின் தலைவராக இருந்த 1964 ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மாநிலத்தின் ஆர்மாங்க்கில் காலமானார். அவரது கட்டுரைகளைக் கிளேர் ஷுல்ட்ஸ் தொகுத்து 1968 இல் நூலாக வெளியிட்டார்.

தேடல் மென்பொருள்களில் லூனின் எல்லைகள்

ஜெரார்டு சால்ட்டனும் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸும் லூனின் எண்ணிக்கை முறையை விரிவாக்கினர். பல ஆவணங்களில் வரும் சொல்லை அடியோடு ஒதுக்காமல் அதன் எடையை மட்டும் குறைக்கலாம் என்பதை ஜோன்ஸ் 1972 இல் காட்டினார். எனினும் லூனின் மேலெல்லை மென்பொருள்களில் நெடுங்காலம் தங்கியது. சிறிய இணையத்தளங்களில் தேடல் வசதி அமைப்பவர்கள் அதன் விளைவைப் பலமுறை சந்தித்துள்ளனர்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மைஐசாம் அட்டவணைகளில் இயல்மொழித் தேடலின்போது, பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் உள்ள சொல் நிறுத்தச்சொல்லாகவே கருதப்படும். ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு இது பொருந்தும். இசை பற்றிய பத்துப் பக்கங்களே கொண்ட தளத்தில் இசை என்று தேடினால் ஒரு விடையும் வராது. சோதனைக்காக இரண்டு மூன்று பதிவுகளை மட்டும் இட்டுப் பார்ப்பவர், மென்பொருளே பழுது என்று எண்ணிவிடுவார். பூலியன் தேடலுக்கு மாற்றினால் இவ்வெல்லை நீங்கும். அதே அட்டவணைகளில் நான்கு எழுத்துக்குக் குறைந்த சொற்கள் இயல்பாக அடைவில் சேர்வதில்லை. ஆங்கிலத்துக்கு வகுக்கப்பட்ட இந்த அளவு தமிழுக்குப் பொருந்தாது. ஒருங்குறிப்படி எண்ணினால் மழை என்பது ம, ழ, ஐகாரக் குறி என மூன்றே. இந்த அளவை மாற்றியமைத்தால் மட்டும் போதாது, அடைவையும் மீண்டும் உருவாக்க வேண்டும். இதனை மறப்பதே மாற்றம் பலனளிக்காததற்கு வழக்கமான காரணம். 2013 இல் மைஎஸ்கியூஎல் 5.6 பதிப்புடன் முழுச்சொல் தேடலைப் பெற்ற இன்னோடிபி அட்டவணைகளில் பாதி என்னும் எல்லை இல்லை. இயல்பான குறைந்த அளவும் மூன்றெழுத்து ஆனது.

லூசீன் மென்பொருளின் பொதுப் பகுப்பி 33 ஆங்கில நிறுத்தச்சொற்களை ஒதுக்கி வந்தது. 2019 இல் வெளியான எட்டாம் பதிப்பில் அவ்வழக்கமும் கைவிடப்பட்டது. நினைவகமும் வட்டும் மலிந்த பின்னர் சொற்களை ஒதுக்குவதால் பெறும் சேமிப்பு சிறிது, முழுதும் நிறுத்தச்சொற்களாலான பெயர்களைத் தேட இயலாமற்போகும் இழப்போ பெரிது. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டியே வருவதால் தனிச்சொற்களின் ஒதுக்குப் பட்டியல் குறைந்த பயனே தரும். மழையில், மழையால், மழைக்கு ஆகியவற்றை ஒன்றாக எண்ணும் வழியே முதலில் தேவைப்படுகிறது. வேறுபடும் எழுத்துகள் ஆறுக்கு மிகாமல் இருந்தால் ஒரே சொல் என்னும் லூனின் அளவு இம்மூன்றையும் சேர்த்துவிடும், ஆனால் மலை, மலர், மலிவு ஆகியவற்றையும் ஒன்றாக்கிவிடும்.