75 ரூபாய் உபகாரச் சம்பளமும் என் அரியரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று சங்கத்து அண்ணன் ஒருவர் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது, டிரான்ஸ்ஃபார்ம்ஸ் பேப்பரில் நான் வைத்த அரியர்தான். அதைக் காட்டியே கேம்பஸில் ஒரு கம்பெனி என்னை உள்ளேயே விடவில்லை. இன்று இந்த ஆலங்குளத்துக்காரனுக்குச் சோறு போடுவதும் அதே டிரான்ஸ்ஃபார்ம்ஸ்தான். சிவகாசி அச்சகங்களில் பட்டாசு லேபிள் சரியாக அச்சாகிறதா என்று கேமரா வழியே சோதிக்கும் புரோகிராம் எழுதுகிறேன். ஆகவே சீனிவாச ராமானுஜனைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கே கதி என்று இருந்ததால் மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அந்த மே மாதமே, பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

1914 மார்ச்சில் கப்பல் ஏறுமுன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அவற்றில் இருப்பது, இன்று ராமானுஜனின் தலைமைத் தேற்றம் எனப்படும் சூத்திரம். ஒரு சார்பைத் தொடராக விரித்தால், அதன் கெழுக்களைக் கொண்டே ஒரு தொகையீட்டின் விடையைச் சொல்லிவிடலாம். அந்தத் தொகையீடுதான் பின்லாந்துக்காரர் மெலின் பெயரில் வழங்கும் மெலின் உருமாற்றம்.

என் தொழிலில் அதற்கு என்ன வேலை? கேமராவுக்குக் கீழே லேபிள் தள்ளி வரும், கோணலாக வரும், பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். ஃபூரியர் உருமாற்றத்தின் வீச்சை மட்டும் எடுத்தால் தள்ளி வந்த குறை போய்விடும். அந்த வீச்சைத் தூரம், கோணம் என்று பிரித்து, தூரத்துக்கு மெலினும் கோணத்துக்கு ஃபூரியரும் போட்டு, மறுபடி வீச்சை எடுத்தால் மற்ற இரண்டும் போய்விடும். மிஞ்சுவது அந்த லேபிளின் அடையாளம் மட்டுமே.

ராமானுஜன் 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னையில் காலமானார்.

தம்பி தங்கைகளே, அரியர் வைத்தவரெல்லாம் ராமானுஜன் ஆகிவிட மாட்டார், நானே சாட்சி. என் வேண்டுகோள் வேலை கொடுக்கும் இடத்தில் உள்ள அண்ணன், அக்காமார்களுக்குத்தான். மார்க் ஷீட் கோணலாக இருக்கலாம். ஒரு தடவை பையனின் நோட்டையும் புரட்டிப் பாருங்கள்.