நீதிபதி முத்துசாமி ஐயர்

தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த உச்சுவாடி என்னும் சிற்றூரில், 1832ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் முத்துசாமி ஐயர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், தாயுடன் பிழைப்புத் தேடித் திருவாரூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு ஊர்க்கணக்கருக்கு உதவியாளராகித் திங்களுக்கு ஒரு ரூபாய் ஊதியம் பெற்றார். அச்சிறு வருவாயால் தாங்கப்பட்ட தாயும் நெடுநாள் வாழவில்லை.

ஒருநாள் ஆற்றின் கரை வெள்ளத்தால் உடைந்ததாக வட்டாட்சியர் முத்துசாமி நாயக்கருக்குச் செய்தி வந்தது. அலுவலர் எவரும் அருகில் இல்லாமையால் அவர் இச்சிறுவனையே அனுப்பினார். சென்று திரும்பிய சிறுவன், உடைப்பின் அளவையும் அதனை அடைக்கத் தேவையான பொருள்களையும் ஆள்களையும் விளக்கமாக எடுத்துரைத்தான். சிறுவனின் சொல்லை அப்படியே ஏற்கத் தயங்கிய நாயக்கர், பிறரைக் கொண்டு சரிபார்த்தார். விவரங்கள் யாவும் பொருந்தின. வியந்த அவர் நாகப்பட்டினத்திலும் பின்னர்ச் சென்னையிலும் சிறுவன் கல்வி பயில வழிசெய்தார். வறியவன் ஒருவனின் அறிவைக் கண்டு போற்றும் மேலதிகாரி வாய்ப்பது அக்காலத்தில் அரிது.

சென்னையில் ஆசிரியர் பவலின் அன்பைப் பெற்ற அவர், 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் வென்று 500 ரூபாய் பரிசு பெற்றார். வழக்குரைஞர் தேர்வில் தேறியபின் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக அமர்ந்தார். 1868இல் சென்னைக் காவல் நீதிமன்ற நடுவரானார். பணியில் இருந்துகொண்டே சட்டக்கல்வியை முடித்துப் பட்டமும் பெற்றார்.

நடுவராக இருந்தபோது அவர் முன் வந்த வழக்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. உயர்நீதிமன்றத்தின் ஐரோப்பிய நீதிபதி ஒருவர், ஓர் இந்தியரை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஆட்சி செய்யும் இனத்தவர். பதவியிலோ பன்மடங்கு உயர்ந்தவர். அவரை மன்றுக்கு அழைக்காமலே விட்டுவிட எண்ணியிருந்தால் அதற்கும் வழியிருந்தது. முத்துசாமி ஐயர் அவரை வரவழைத்து விசாரித்து, மூன்று ரூபாய் தண்டம் விதித்தார். தொகை சிறியதே, அதனை விதித்தவருக்கு வரக்கூடிய இடர் சிறியதன்று.

பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கிய அவர், சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. அவற்றுக்கு மறுமொழி கூறத் தமக்கென ஓர் ஏடு இல்லையே என வருந்திய இளைஞர் அறுவர், சுப்பிரமணிய ஐயர் முன்னிற்க, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' இதழைத் தொடங்கினர்.

மேல்முறையீடுகளை விசாரிப்பதில் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன. வடமொழியறிவு இந்துச் சட்ட வழக்குகளில் அவருக்குத் துணைநின்றது. 1891இல் மலபார்த் திருமணங்களை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1893இல் தலைமை நீதிபதிப் பொறுப்பையும் சிறிது காலம் வகித்தார்; அவ்வாண்டே 'சர்' பட்டம் பெற்றார்.

பணியில் இருக்கும்போதே 1895 சனவரி 25ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய பளிங்குச் சிலை சென்னை உயர்நீதிமன்றத்தில் நிறுவப்பட்டுள்ளது.