கோடு கீறிய ரீச்சர்: செண்டா பெரன்சன்

வலைப்பந்தாட்டம் விளையாடிய எந்தப் பழைய மாணவிக்கும் இரண்டு விடயங்கள் மறந்திருக்காது. தனக்குரிய பகுதிக் கோட்டைத் தாண்டினால் விசில். பந்தை மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தாலும் விசில். இதே போன்ற விதிகளைக் கூடைப்பந்தாட்டத்தில் பெண்களுக்கென்று கொண்டுவந்தவர் செண்டா பெரன்சன். கல்லூரிப் பெண்களுக்கு அந்த ஆட்டத்தை முதலில் பழக்கியவரும் அவரே. எமது நூற்றாண்டு மலரில் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது பொருத்தமென எண்ணினோம்.

செண்டா 1868ஆம் ஆண்டு லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1875இல் குடும்பம் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தகப்பனார் வீடு வீடாகச் சாமான் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். பின்னாளில் ஓவியக்கலை ஆய்வாளராகப் புகழ்பெற்ற பேர்னாட் பெரன்சன் இவருடைய தமையன்.

விளையாட்டு ஆசிரியைக்குரிய உடம்பு அவருக்கு இருக்கவில்லை. பியானோ படிக்கப் போனவர், முதுகு பலவீனத்தால் நெடுநேரம் அமர்ந்து வாசிக்க முடியாமல் அதைக் கைவிட்டார். உடம்பு தேறட்டும் என்றே 1890இல் பொஸ்டனிலிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் கலாசாலையில் சேர்ந்தார். ஆரம்பத்தில் அந்தப் பயிற்சிகள் அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தன. பிறகு உடம்பு தேறியது, அதுவே தொழிலுமாயிற்று. நோயாளியாகப் போய் ரீச்சராக வெளியே வந்தவர் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தை நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். உயர்கல்வி பெண்களின் உடலைக் கெடுக்கும் என்று அதே பொஸ்டன் நகரில் எட்வர்ட் கிளார்க் என்ற வைத்தியர் 1873இல் நூலே எழுதியிருந்தார். படிப்பே ஆகாதென்றால் ஓட்டமும் பாய்ச்சலும் எப்படி? இந்தச் சூழலில்தான் செண்டா 1892 ஜனவரியில் நோர்த்தாம்டனிலுள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு ஆசிரியையாகச் சென்றார். பக்கத்து ஊரான ஸ்பிரிங்பீல்டில், முந்தைய மாதம்தான் ஜேம்ஸ் நைஸ்மித் ஆண்களுக்காகக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். அதைப்பற்றி வாசித்த செண்டா, மாணவிகளை ஆடவைத்துப் பார்த்தார். உடற்பயிற்சி என்றாலே முகம் சுளித்த பிள்ளைகள் இதற்கு ஆசையோடு வந்தார்கள்.

1893 மார்ச் 22ஆம் திகதி முதலாம் வருட மாணவிகளும் இரண்டாம் வருட மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு அனுமதியில்லை. மாணவிகள் தங்கள் வகுப்பு நிறங்களுடன் மண்டபத்தை நிறைத்தார்கள். (எமது இல்லப் போட்டி ஆரவாரம் நினைவுக்கு வருகிறதல்லவா?) ஆட்டத்தைத் தொடங்கச் செண்டா பந்தை மேலே எறிந்தபோது அவருடைய கையே தட்டுப்பட்டு, முதலாம் வருட அணியின் நடு ஆட்டக்காரியின் தோள்மூட்டு விலகிவிட்டது. பெண்கள் விளையாடக்கூடாது என்பவர்களுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஆட்டம் நிறுத்தப்படவில்லை. தோளைச் சரிசெய்து, வேறொருவரை இறக்கித் தொடர்ந்தார்கள். இரண்டாம் வருட அணி 5க்கு 4 என்று வென்றது.

முரட்டுத்தனம் தலைகாட்டினால் ஆட்டத்தையே தடைசெய்துவிடுவார்கள் என்பது செண்டாவுக்குத் தெரியும். ஆகவே திடலை மூன்றாகப் பிரித்துக் கோடு கீறினார். தன் பகுதியை விட்டு யாரும் போகக்கூடாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று தடவைக்கு மேல் தட்டிக்கொண்டு ஓடவும் கூடாது. கெட்டிக்காரி ஒருத்தியே பந்தை வைத்துக்கொள்ளும் ஆட்டம் அவருக்குப் பிடிக்காது. சேர்ந்தாடப் பழக்குவதே அவருடைய நோக்கம். 1901இல் ஸ்பால்டிங் நிறுவனம் வெளியிட்ட பெண்கள் விதிநூலுக்கு அவரே பதிப்பாசிரியர். 1905 முதல் 1917 வரை விதிக்குழுவுக்குத் தலைமையும் தாங்கினார்.

ஒரு விடயத்தில் நாம் அவரோடு உடன்படமாட்டோம். பிற கல்லூரிகளோடு மோதுவதை அவர் விரும்பவில்லை. வகுப்புக்கு வகுப்பு ஆடினால் போதும் என்று நின்றார். மேற்குக் கரையில் ஸ்டான்போர்ட், பேர்க்லி மாணவிகள் 1896இலேயே மோதிவிட்டார்கள். வெளியூர்ப் பாடசாலைக்கு பஸ் ஏறிப்போய் ஆடித் தோற்று, திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்த எங்களுக்கு, அந்தப் பயணம் இல்லாத விளையாட்டை எண்ணிப்பார்க்க முடியவில்லை. அவர் கீறிய கோடுகளும் பாதுகாப்பாக இருந்ததோடு, பிற்காலத்தில் தடையாகவும் மாறின. ஆனால் 1893இல் அந்தக் கோடுகள் இல்லாதிருந்தால் மண்டபக் கதவே பூட்டப்பட்டிருக்கும் என்பது எமது எண்ணம்.

1911இல் ஆங்கிலப் பேராசிரியர் ஹேர்பேர்ட் அபொட்டை மணந்து ஸ்மித் கல்லூரியை விட்டு விலகினார். அதன்பின் அதே ஊரில் பேர்ன்ஹாம் பாடசாலையில் 1921 வரை உடற்கல்வி கற்பித்தார். கணவர் இறந்தபின் கலிபோர்னியாவுக்குச் சென்று, 1954இல் சாண்டா பார்பராவில் காலமானார்.

மூன்று பகுதிகள் 1938இல் இரண்டாயின. 1971இல் அமெரிக்கப் பெண்கள் ஐவர் அணியாக முழுத் திடலிலும் ஓடத் தொடங்கினார்கள். 1985இல் ஸ்பிரிங்பீல்டிலுள்ள கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் முதற்தடவையாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, அந்த மூவரில் செண்டாவும் ஒருவர்.