பவுல் பிராண்ட்

பவுல் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழ்நாட்டில் பிறந்த ஆங்கிலேய எலும்பியல் மற்றும் கை அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் செயலிழந்த கைகளையும் கால்களையும் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை மூலம் சீராக்க முடியும் என்பதை வேலூரில் செயல்படுத்திக் காட்டியவர். தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்து போவதற்கு அழுகல் காரணமல்ல, நரம்புகள் வலியை உணரும் ஆற்றலை இழப்பதே காரணம் என்பதை விளக்கியவர்களுள் முதன்மையானவர். வலி உடலைக் காக்கும் ஓர் ஏற்பாடு என்ற இவரது கருத்து நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்பிலும் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது.

பிறப்பும் இளமையும்

பவுல் பிராண்ட் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததும் தற்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளதுமான கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஜெசி பிராண்ட், எவெலின் பிராண்ட் ஆகிய இருவரும் கிறித்தவ சமயப் பணியாளர்கள். மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுத்தல், பள்ளி நடத்துதல், வீடு கட்டுதல் போன்ற பணிகளையும் அவர்கள் செய்து வந்தனர். ஒன்பது வயது வரை மலைச் சிறுவர்களுடன் தமிழ் பேசி வளர்ந்த பவுல், 1923 இல் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் அவர் தந்தையைக் காணவில்லை. ஜெசி பிராண்ட் 1929 இல் மலேரியாவின் கடுமையான வகையான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். தாய் எவெலின் முதுமையிலும் மலைகளை விட்டு நீங்காமல் பணியாற்றி 1974 இல் காலமானார்.

கல்வி

மருத்துவத்தில் விருப்பமில்லாதிருந்த பவுல், தந்தையைப் போல வீடு கட்டும் பணியாளராக வேண்டுமென்று தச்சு வேலையும் கொத்து வேலையும் சில ஆண்டுகள் கற்றார். பின்னர் சமயப் பணிக்கான அடிப்படை மருத்துவப் பயிற்சியின்போது மருத்துவத்தில் நாட்டம் கொண்டு, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளித்தது இவருக்கு அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி தந்தது. உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943 இல் மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள்.

வேலூரில் பணி

தொழுநோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று, ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 இல் அறுவை மருத்துவ ஆசிரியராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குக் காக்ரேனுடன் சென்றார். அங்கு பலருடைய விரல்கள் பறவையின் கால்நகம் போல உள்நோக்கி வளைந்திருந்தன. இக்கைகளை ஏன் ஒரு எலும்பியல் மருத்துவரும் ஆராயவில்லை என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. நோயாளி ஒருவரின் கையைப் பற்றிப் பார்த்தபோது, செயலற்றதாகத் தோன்றிய அக்கை வலிக்கும் அளவுக்கு இறுகப் பிடித்தது. கையின் சில தசைகள் முழு வலுவுடன் இருப்பதை இதன் மூலம் உணர்ந்தார்.

தொடர்ந்து நோயாளிகளின் கைகளைச் சோதித்தும் இறந்தவர்களின் நரம்புகளை ஆராய்ந்தும் பின்வருவனவற்றைக் கண்டறிந்தார்:

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகுகிறது. எனவே முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் தோலுக்கு அருகே செல்லும் நரம்புகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

ஆழத்தில் செல்லும் நரம்புகளால் இயங்கும் முன்கைத் தசைகள் பெரும்பாலும் பழுதடைவதில்லை.

நல்ல நிலையில் உள்ள தசை ஒன்றின் நாணைப் பிரித்து விரல்களுடன் இணைத்தால், விரல்களை மீண்டும் நீட்டவும் பிடிக்கவும் இயலும்.

தொழுநோயாளியின் சதை கெட்டுப்போனது, அறுத்தால் ஆறாது என்பதே அக்கால மருத்துவர்கள் பலரின் நம்பிக்கை. அச்சத்தின் காரணமாகப் பொது மருத்துவமனைகள் தொழுநோயாளிகளைச் சேர்த்துக் கொள்வதும் அரிது. இந்நிலையில் செய்யப்பட்ட முதல் அறுவைச் சிகிச்சைகளில் காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறின. பாதம் தொங்கிப்போனவர்களுக்கும் இம்முறை பின்பற்றப்பட்டது. புருவம், மூக்கு ஆகியவற்றைச் சீரமைக்கும் சிகிச்சைகளும் செய்யப்பட்டன. கண் மருத்துவரான மார்கரெட், இமை மூட இயலாத நோயாளிகளின் பார்வையைக் காக்கும் பணியில் ஈடுபட்டார்.

வலி இழப்பு பற்றிய ஆய்வு

சீராக்கப்பட்ட கைகளில் மீண்டும் மீண்டும் புண்கள் தோன்றின. இதன் காரணம் ஒரு நிகழ்ச்சியால் தெளிவானது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியாதபோது, அருகிலிருந்த நோயாளிச் சிறுவன் சாவியை எளிதாகத் திருப்பினான். அவன் விரலில் இருந்து இரத்தம் சொட்டியது. சாவி எலும்பு தெரியும்வரை சதையைக் கிழித்திருந்தும் அவன் அதை அறியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தைத் தேடும் வழக்கம் ஏற்பட்டது. சூடான பாத்திரத்தைப் பிடித்தல், செருப்பில் இருந்த ஆணி, கருவியின் கரடுமுரடான கைப்பிடி என ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. இரவில் உறங்கும்போது சிலரது விரல்களை எலிகள் கடித்ததும் தெரிய வந்தது. உணர்ச்சியற்ற விரல் என்பதால் அவர்கள் விழிக்கவில்லை. இதனால் விடுதியில் உறங்குவோருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. காரணங்கள் களையப்பட்ட பின் புண்கள் குறைந்தன. உள்ளங்காற் புண்களுக்கு மாவுக்கட்டும், உடல் எடையைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளும் பயன்படுத்தப்பட்டன.

மறுவாழ்வுப் பணி

கை சீரான பின்னும் நோயாளிகளுக்கு வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. விரல்கள் நேரானதால் பிச்சை கிடைப்பதும் குறைந்துவிட்டது என்று முறையிட்டவர்களும் இருந்தனர். சிகிச்சை மட்டும் போதாது என்பதை உணர்ந்த பிராண்ட், 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வுக் குடியிருப்பை அமைத்தார். இளமையில் கற்ற தச்சுத் தொழில் இங்கு பயன்பட்டது. மரப் பொம்மைகள் செய்யவும், காயமின்றிக் கருவிகளைக் கையாளவும் நோயாளிகளுக்கு அவரே கற்றுக் கொடுத்தார். 1955 இல் வேலூர் அருகே கரிகிரியில் நிறுவப்பட்ட ஷிஃபலின் தொழுநோய் மருத்துவமனையின் ஆய்வுப் பணிகளிலும் முக்கிய பங்கு வகித்தார்.

அமெரிக்காவில் பணி

1960களின் நடுப்பகுதியில் இந்தியாவை விட்டு, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் இடத்திலிருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்து, 1986 வரை பணியாற்றினார். நீரிழிவு நோயாளிகளின் கால்களும் தொழுநோயாளிகளின் கால்களைப் போலவே உணர்ச்சி இழந்து புண்ணாவதைக் கண்டு, வேலூரில் கையாண்ட மாவுக்கட்டு முறையை அங்கும் அறிமுகப்படுத்தினார். பல கால்கள் துண்டிக்கப்படாமல் காப்பாற்ற இது வழிவகுத்தது.

இழந்த வலிக்கு ஈடாகச் செயற்கை வலி அமைப்பு ஒன்றை உருவாக்கவும் இவரது குழு முயன்றது. கையுறையிலும் காலணியிலும் பொருத்திய உணரிகள், அழுத்தம் மிகுந்தால் ஒலி எழுப்பும். ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தாததால் சிறு மின்னதிர்ச்சி தரும்படி மாற்றப்பட்டது. ஆனால் செய்யும் வேலையை முடிக்க வேண்டும் என்று அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். முயற்சி கைவிடப்பட்டது. மனிதன் விரும்பினாலும் நிறுத்த முடியாததாக இருப்பதே இயற்கையான வலியின் சிறப்பு என்ற முடிவுக்குப் பிராண்ட் வந்தார்.

வலி பற்றிய கருத்தும் அதன் எல்லையும்

பிராண்ட் போற்றியது தீங்கை உடனே அறிவிக்கும் வலியையே. காயம் ஆறிய பின்னும் நீடிக்கும் நாள்பட்ட வலியும், நரம்பு பழுதடைவதால் எழும் நரம்பு வலியும் வேறு வகையானவை. இவற்றில் அறிவிப்பு மணி தீயின்றியே ஒலித்துக் கொண்டிருக்கிறது. தொழுநோயாளிகளுக்கும் நரம்பு அழற்சியால் கடும் வலி ஏற்படுவதுண்டு. தொட்டால் உணராத அதே காலில் எரிச்சலும் குத்தலும் இருக்கலாம். இத்தகைய வலிக்குச் சாதாரண வலி நிவாரணிகள் பெரும்பாலும் போதிய பயன் தருவதில்லை. நரம்புகளின் செயலை மாற்றும் மருந்துகளே தேவைப்படுகின்றன. 1962 இல் உருவாக்கப்பட்ட மயக்க மருந்தான கெட்டமின், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நரம்பு வலிக்குக் குறைந்த அளவில், மருத்துவர் மேற்பார்வையில் சில இடங்களில் அளிக்கப்படுகிறது.

நூல்களும் விருதுகளும்

கையின் இயக்கவியல் பற்றிய மருத்துவ நூலை 1985 இல் வெளியிட்டார். பிலிப் யான்சியுடன் இணைந்து பொது வாசகர்களுக்காகப் பல நூல்களை எழுதினார். அவற்றுள் வலியைப் பற்றிய நூல் 1993 இல் வெளிவந்தது. 1960 இல் லாஸ்கர் விருதும், 1961 இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருதும் பெற்றார்.

மறைவு

பணி ஓய்வுக்குப் பின் சியாட்டில் நகரில் வாழ்ந்த பவுல் பிராண்ட் 2003 ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று காலமானார். 1981 இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் இன்று குணப்படுத்தக் கூடியதாகிவிட்டது. எனினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். காலந்தாழ்த்திச் சிகிச்சைக்கு வருவோரின் பழுதடைந்த நரம்புகளை மருந்துகளால் முழுமையாக மீட்க இயலுவதில்லை. அத்தகையோருக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையும் மென்காலணிகளும் இன்றும் பயன்படுகின்றன.