ஒரே பாயில் உட்கார்ந்த வேதசாட்சி



ஞாயிறு பூசையில் நன்மை வாங்க வரிசையில் நிற்கிறீர்கள். ஜவ்வாது மலைமேலிருந்து இறங்கி வந்தவரும், ஆலங்காயம் கடைவீதியில் கடை வைத்திருப்பவரும், கூலி வேலைக்குப் போகிறவரும், உத்தியோகத்தில் இருப்பவரும் ஒருவர்பின் ஒருவராய் நின்று ஒரே ஆண்டவரை நாவில் ஏற்றுக்கொள்ளுகிறீர்கள். நல்லது. பூசை முடிந்தபின் அந்த வரிசை எவ்வளவு தூரம் உங்களோடு கூட வருகிறது? கோவில் வாசல் மட்டுமா? வீட்டுத் திண்ணை மட்டுமா? சாப்பாட்டுப் பாய் வரைக்கும் வருகிறதா?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, அர்ச். தேவசகாயத்தின் சரித்திரத்தைச் சற்றே வாசியுங்கள். அவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். கொல்லுமளவுக்கு அவர்மேல் பகை மூண்டதற்கு அவர் உட்கார்ந்த பாயும் ஒரு காரணம் என்பதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அரண்மனை உத்தியோகஸ்தர்

தமிழ்நாட்டின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நட்டாலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்நாளில் அது திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ந் தேதி வாசுதேவன் என்பவருக்கும் தேவகி அம்மாளுக்கும் மகனாய் அங்கே பிறந்தவர் நீலகண்டன். தாய்வழியில் நாயர் குலத்தவர். செல்வாக்குள்ள குடும்பம். வளர்ந்தபின் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பெற்றார். பார்கவி அம்மாள் என்னும் உத்தமியை மணந்து இல்லறம் நடத்தினார்.

அக்காலத்து வழக்கத்தை நீங்கள் அறிந்தால்தான் இவருடைய தாழ்ச்சியின் அளவு உங்களுக்கு விளங்கும். உயர்ந்தவர் என்று எண்ணப்பட்டவர் வீதியில் வந்தால், தாழ்ந்தவர் என்று எண்ணப்பட்டவர் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு உண்டு. தொடுவது மட்டுமல்ல, கிட்ட வருவதே தீட்டு. சில வழிகளில் அவர்கள் கால் வைக்கவும் கூடாது. அதே திருவிதாங்கூரில் அரசாங்கக் கோவில்களின் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்பட்டது 1936-ஆம் ஆண்டில்தான். நாம் சொல்லும் காலமோ அதற்கு ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

1741-ஆம் ஆண்டு குளச்சல் கடற்கரையில் மகாராஜாவின் படை ஒல்லாந்துக் கம்பெனியின் படையை முறியடித்தது. பிடிபட்டவர்களுள் தெலனாய் என்னும் படைத்தலைவர் ஒருவர். மகாராஜா அவரைக் கொல்லாமல், தமது சேனைக்குப் பயிற்சி கொடுக்கவும் கோட்டைகளைப் பலப்படுத்தவும் அமர்த்திக்கொண்டார். தெலனாய் கத்தோலிக்கர். அவரோடு நீலகண்டனுக்கு நட்பு உண்டாயிற்று.

அச்சமயம் நீலகண்டன் குடும்பத்தில் நஷ்டத்தின்மேல் நஷ்டம். மாடுகள் மாண்டன, பயிர் அழிந்தது. மனம் நொந்திருந்தவருக்குத் தெலனாய் யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். சகலமும் இழந்தும் சர்வேசுரனை இழக்காத அந்த நீதிமானின் கதை நீலகண்டனின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெற்றி பெற்ற அரசரின் உத்தியோகஸ்தர், தோற்றுப்போய்க் கைதியான அந்நியரிடம் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, சொல்லுகிறவர் யாரென்று பாராமல் சொல்லப்படுவதைக் கேட்பது தாழ்ச்சியின் முதற்படி. அந்தப் படியில் அவர் அன்றே கால் வைத்துவிட்டார்.

வாசலில் கிடந்த ஏழையின் பெயர்

ஞானஸ்நானம் கேட்டவரைத் தெலனாய் வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அவ்வூர் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. அங்கே சேசுசபைக் குரு புத்தாரி சுவாமியார் வேதம் போதித்துவந்தார். பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி நீலகண்டன் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இட்ட பெயர் இலாசர். தேவன் சகாயம் செய்தார் என்பது அதன் பொருள். ஆகவே தமிழில் தேவசகாயம் ஆனார். சுவிசேஷத்தில் பணக்காரன் வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்கும் இதே பெயர்தான். அரண்மனைக்குள் இருந்தவருக்கு வாசலில் கிடந்தவனின் பெயர் வாய்த்தது. அவரும் அந்தப் பெயருக்கேற்ப நடந்தார்.

மனைவி பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார். உறவினர் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் யாருக்குத்தான் இராது? தேவசகாயம் பொறுமையாய் எடுத்துச் சொன்னார். பின்பு அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று, தெரேசா என்னும் பெயரைத் தமிழில் ஞானப்பூ என்று தரித்துக்கொண்டார்.

ஞானஸ்நானம் பெற்றதோடு நின்று, அரண்மனையில் உயர்குலத்தாராகவும் கோவிலில் கிறீஸ்தவராகவும் இரண்டு வாழ்க்கை நடத்தியிருந்தால், தேவசகாயத்துக்கு ஒருவேளை பெரிய தீங்கு வந்திராது. அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று அவருக்குப் போதிக்கப்பட்டது. அதை அவர் அப்படியே நம்பினார். ஆகையால், எவரைக் கண்டால் விலகி நிற்கச் சொல்லும்படி சிறுவயது முதல் பழக்கப்பட்டிருந்தாரோ, அவர்களிடம் தாமே நடந்து போனார். அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார், உண்டார், செபித்தார். அவர்களுக்குத் தாம் கற்றதைச் சொன்னார்.

வாசகரே, தாழ்ச்சி என்றால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மெல்லப் பேசுவது என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். தேவசகாயத்தின் தாழ்ச்சி அப்படிப்பட்டதன்று. தமக்கென்று இருந்த உயர்ந்த இடத்தை விட்டு இறங்கி, மற்றவர் இருந்த இடத்தில் போய் உட்காருவதே அவர் கண்ட தாழ்ச்சி. சீஷர்களின் பாதங்களைக் கழுவக் குனிந்த ஆண்டவர் காட்டிய வழியும் இதுவே அன்றோ?

எருக்கம்பூ மாலை

மேற்குலத்தாருக்கு இது பொறுக்கவில்லை. முன்னோர் தெய்வங்களை விட்டார் என்பதோடு, குல ஆசாரத்தையும் அழித்தார் என்று கோபம் மூண்டது. அரசருக்கு விரோதமானவர் என்பது முதலான குற்றங்களும் அவர்மேல் சுமத்தப்பட்டன. 1749-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 23-ந் தேதி அவர் சிறைப்பட்டார். அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் பட்ட பாடுகளைப் படிக்கும்போது மனம் பதறும்.

கைகளைக் கட்டி, எருமைமேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, ஊர் ஊராய் நடத்திச் சென்றார்கள். மரண தண்டனைக்குரியவனுக்குப் போடுகிற மாலை அது. நாள்தோறும் அடித்தார்கள். காயங்களில் மிளகாய்ப் பொடி தடவி வெயிலில் நிறுத்தினார்கள். குடிக்க அழுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் இவரைக் கண்டு வழிவிட்ட வீதிகளே இவரைக் கண்டு சிரித்தன. மானத்தைப் பெரிதாக எண்ணுகிற நமக்கு, அடியைவிட அந்தச் சிரிப்பே கொடிதாகத் தோன்றும். ஆனால் தாமாகவே முன்னமே கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டவரை இனி எந்த எருமைமேல் ஏற்றி இழிவுபடுத்த முடியும்?

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது, தேவசகாயம் முழங்கையால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்று மக்கள் பரம்பரையாய்ச் சொல்லுகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அது இன்றும் வழங்குகிறது. பிறகு நாகர்கோவிலுக்கு அருகே பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்காய் விலங்கிட்டு வைத்தார்கள். அங்கேதான் ஓர் அதிசயம் நடந்தது. அவமானப்படுத்தக் கட்டிவைத்த இடத்தைத் தேடி ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். கிறீஸ்தவர்களும் வந்தார்கள், அல்லாதவர்களும் வந்தார்கள். மேல்சாதி கீழ்சாதி என்ற கணக்கில்லாமல் அந்த மரத்தடியில் கூடினார்கள். பிள்ளையில்லாத சேவகன் ஒருவனுக்காக அவர் வேண்டிக்கொள்ள, அவனுக்குப் பிள்ளைப்பாக்கியம் கிடைத்தது என்றும் சொல்லுவார்கள். தம்மை அடித்தவர்களுக்காகவும் செபித்தவரிடம் யார்தான் வரத் தயங்குவார்கள்?

கூட்டம் பெருகவே, அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் ஜனங்கள் போனார்கள். முடிவில் 1752-ஆம் ஆண்டு சனவரி மாதம் 14-ந் தேதி இரவு, காற்றாடிமலையில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்று, சடலத்தைக் காட்டில் எறிந்தார்கள். அப்போது அவருக்கு வயது 39. கிறீஸ்தவராய் வாழ்ந்தது ஏழு வருடம்கூட நிறையவில்லை. சில நாட்களுக்குப்பின் விசுவாசிகள் எஞ்சியிருந்த எலும்புகளைச் சேர்த்தெடுத்து, கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையை நீங்கள் இன்றும் அங்கே தரிசிக்கலாம்.

அதே ஊரில் ஒரு சுவர்

சரித்திரம் இத்தோடு முடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாய் இருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து 120 வருடங்களுக்குப்பின், 1872-ஆம் ஆண்டு ஒரு புதுக் கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஜனங்கள் நிற்கும் பகுதி இரண்டு. பீடத்திலிருந்து இரண்டு கால்களைப்போல் பிரிந்து செல்லும் இரண்டு மண்டபங்கள். ஒரு சாதியார் ஒன்றில், மறு சாதியார் மற்றதில். ஒரே பூசை காண வந்தவர்கள் ஒருவரையொருவர் காணாதபடி நடுவிலே சுவர்! அதை எழுப்பியவர்கள் அந்நிய மதத்தாரல்லர். ஞானஸ்நானம் பெற்ற நம்மவர்களே.

அந்தச் சுவர் 38 வருடம் நின்றது. 1910-ஆம் ஆண்டு, கௌசானல் சுவாமியார் அங்கே இருந்த காலத்தில், அது இடிக்கப்பட்டது. ஒரு பகுதியார் மேற்றிராணியார் பார்த் ஆண்டகைமேல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சாதியின் பேரால் கோவிலுக்குள் தனியிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்று முடிந்தது. வேதசாட்சியின் இரத்தம் கற்பித்ததை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டியதாயிற்று என்றால், அது நமக்குத் தலைகுனிவு அல்லவா?

தேவசகாயத்துக்கு 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ந் தேதி உரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலய முற்றத்தில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரசித்தப்படுத்தினார். நம் தேசத்து இல்லறத்தாருள் அந்த மகிமை பெற்ற முதல்வர் அவரே. அன்று வாசிக்கப்பட்ட பெயரோடு பிள்ளை என்னும் சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. தேவசகாயம் எனப்பட்ட இலாசர் என்றே வாசித்தார்கள். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் மட்டுமே பீடத்துக்கு ஏறியது. மற்றது கீழேயே நின்றுவிட்டது.

நமக்கு என்ன?

அந்நாளின் சுவர் கல்லும் சுண்ணாம்புமாய் இருந்ததால் கடப்பாறைக்கு விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத சுவரை யார் இடிப்பது? திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற வழக்கு எழும்போது அங்கே ஒரு சுவர் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் இன்னாருக்கு இந்த மூலை என்று ஒதுக்கினால் அங்கே ஒரு சுவர். கலியாண விருந்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பது எப்பொழுதும் ஒரே தெருக்காரர் என்றால் அங்கே ஒரு சுவர். மலையிலிருந்து வந்தவர் பின் வரிசையில்தான் நிற்பார் என்று நாம் பேசாமல் இருப்பதும், வேறு சபைக் கிறீஸ்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாமல் ஒதுங்குவதும் சுவர் எழுப்புவதே. இந்தச் சுவர்களுக்கு ஒரு கல் நாமும் கொடுத்திருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுவோம்.

ஒற்றுமை வேண்டும் என்று நாம் எல்லாரும் செபிக்கிறோம். ஆனால் மற்றவன் ஏறி வரட்டும் என்று காத்திருந்தால் ஒற்றுமை ஒருநாளும் வராது. யாராவது ஒருவர் முதலில் இறங்கிப் போக வேண்டும். தேவசகாயம் இறங்கிப் போனார். அதற்காகக் கேட்கப்பட்ட விலையையும் கொடுத்தார். நம்மிடம் அத்தனை பெரிய விலையை எவரும் கேட்கப்போவதில்லை. உறவினரின் முணுமுணுப்பு, அண்டை வீட்டாரின் ஒரு பார்வை, இவ்வளவுதான்.

அவருடைய திருநாள் சனவரி 14. பொங்கல் வருகிற நாட்கள் அவை. பானை பொங்கும்போது, இதுவரை உங்கள் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டிராத ஒரு பங்குக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கலைப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிடாதேயுங்கள். அவர்களை வீட்டுக்கு அழையுங்கள். அடுத்த முறை அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள். ஒரே பாய் விரித்து, பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து உண்ணுங்கள். சாப்பிட்டபின் சேர்ந்தே ஒரு பத்து மணி செபம் சொல்லுங்கள்.

அர்ச். தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.